டிம் வெளிச்சத்தில் நாற்பது மீட்டர்

புனேயை ஒட்டின கட்கியில் பிறந்த பையனுக்கு ரோடு என்றால் முதலில் பட்டாளத்து வண்டிதான். பச்சை லாரிகள் வரிசையாகப் போகும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நூல் பிடித்து அளந்தது போல இடைவெளி இருக்கும். நடுவில் ஸ்கூட்டர்காரன் புகுந்தாலும் பின்னால் வருகிற லாரி கோபப்படாது. கொஞ்சம் பின்வாங்கி மறுபடி அதே இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளும். இதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போய் அடி வாங்கியிருக்கிறேன்.

அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1869-இல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த ஃபேக்டரி அது. காலையில் போங்கா ஊதியதும் தெருவே சைக்கிளில் ஏறும். சங்கு ஊதியது என்று நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம். அந்த மராத்திச் சொல்லே எங்கள் தமிழாகிவிட்டது. வேலூர்ப் பக்கத்திலிருந்து 1950-களில் வந்து சேர்ந்தவர் அப்பா. அவரைப் போலவே ஃபேக்டரிக்கும் பட்டாளத்துப் பட்டறைகளுக்கும் வேலைக்கு வந்து, ஊருக்குத் திரும்பாமலே நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்கள் கட்கியிலும் போபோடியிலும் ஏராளம். நான் ஃபேக்டரிக்குப் போகவில்லை. அப்பாவுக்கு அது கடைசிவரை குறைதான்.

எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் ராணுவத்தில் டிரைவராக இருந்து ரிடையர் ஆன ஒரு ஹவில்தார். எங்கள் லைனில் கடைசி வீடு. மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டியரிங்கைப் பிடிக்க விடுவதற்கு முன்பே ஒரு மாதம் பக்கத்தில் உட்கார வைத்துச் சும்மா பார்க்கச் சொன்னார். அவர் சொன்னதில் இன்றைக்கும் காதில் நிற்பது ஒன்று: "டேய், நிக்கும்போது முன்னாடி வண்டியோட பின் டயர் தரையைத் தொடுற எடம் உன் கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா நீ ஒட்டிட்டேன்னு அர்த்தம். ஓடும்போது எவ்வளவு விடணும்னு கேக்காதே. முன்னாடி போறவன் செத்து விழுந்தா நீ நிக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

1987-இல் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். அதற்கு முன் மூன்று வருஷம் கிளீனர். சிஞ்ச்வட், போசரிப் பட்டறைகளில் செய்த கியர், வார்ப்பு உருப்படிகளை ஏற்றி ஓசூரில் இறக்குவது. திரும்பி வர அங்கே லோடு கிடைக்காவிட்டால் கிருஷ்ணகிரிவரை போய் மாம்பழக் கூழ் டின் ஏற்றிக்கொள்வது. கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, தாவணகெரே, தும்கூர் வழியாகச் சுமார் 880 கிலோமீட்டர். அதில் பெங்களூர்வரைக்கும் அப்போது நாலாம் நம்பர் ரோடு என்று பேர். 2010-இல் நம்பர் மாற்றி 48 ஆக்கினார்கள். கிழட்டு டிரைவர்கள் இன்னும் என்.எச். நாலு என்றே சொல்கிறோம்.

அந்த 880-இல் நான் சொல்ல வந்தது புனேயிலிருந்து சாத்தாரா தாண்டி கராட்வரை உள்ள துண்டைப் பற்றி. மற்ற இடமெல்லாம் ரோடு. இது கரும்புக்காட்டுக்கு நடுவில் போட்ட ரோடு.

பைபாஸ் வருவதற்கு முன்னால் தெற்கே போகிற லாரி எல்லாம் கட்கி வழியாகவே போகும். தாபோடியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி போபோடி, எங்கள் தெருமுனை, சிவாஜிநகர், ஸ்வார்கேட், அப்புறம் காத்ரஜ் மலை. புனே நகரத்தைக் கடக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த நகரம் எங்களைச் சாந்தப்படுத்தி அனுப்பியது என்பது தேஹு ரோட்டிலிருந்து காத்ரஜுக்குப் பைபாஸ் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊருக்குள் நெளிந்து நெளிந்து வந்த டிரைவர், மலை ஏறி இறங்கும்போது மாட்டுவண்டியைப் பார்த்தால், அதுவும் அவனுக்கு ஒரு ஸ்வார்கேட் மாதிரிதான். மும்பையிலிருந்து கால் எடுக்காமல் வருகிறவனுக்கு மாட்டுவண்டி என்பது நடுரோட்டில் வைத்த பாறாங்கல்.

காத்ரஜ் தாண்டி கேட் சிவாப்பூர், நீரா ஆறு. ஆற்றைக் கடந்தால் சாத்தாரா ஜில்லா, ஷிர்வள். அடுத்தது கண்டாளா. சினிமாப் பாட்டில் வருகிற கண்டாளா இல்லை, அது லோணாவளாப் பக்கம். இது கம்பாட்கி மலையடிவாரத்தில் இருக்கிற தூசி படிந்த தாலுகா. நான் ஓட்டின காலத்தில் புனேயிலிருந்து போகிறவன் மலை ஏற வேண்டும். சாத்தாராவிலிருந்து வருகிறவனுக்குப் பின்னாளில் சுரங்கம் வந்தது. அந்தக் காலத்து பவர் ஸ்டியரிங் இல்லாத டாடாவில் கம்பாட்கி ஏறி முடித்தால் தோள் இரண்டும் கழன்று தொங்கும். உச்சியிலிருந்து பார்த்தால் கீழே வாய், புயிஞ்ச் பக்கம் முழுக்கப் பச்சை. கிருஷ்ணா நதித் தண்ணீர். அந்தப் பச்சைக்கு நடுவில் ஒரு புகைபோக்கி தெரிந்தால் அது சர்க்கரை ஆலை. புயிஞ்சில் ஒன்று, சாத்தாரா தாண்டினதும் ஷேந்த்ரேயில் ஒன்று, கராட் பக்கம் இன்னும் சில. பெரும்பாலும் கூட்டுறவு.

ஆலை அரவை தீபாவளியை ஒட்டித் தொடங்கும், பங்குனிவரை ஓடும். அரவை தொடங்குவதற்கு முன்பே பீட் ஜில்லாவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள வறண்ட ஊர்களிலிருந்தும் கரும்பு வெட்டுகிறவர்கள் குடும்பத்தோடு இறங்கிவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்த்து ஒரு 'கோய்த்தா' என்று கணக்கு வைப்பார்கள். கோய்த்தா என்றால் அரிவாள். இரண்டு ஆளை ஒரு அரிவாளாக எண்ணுகிற கணக்கு. முகாதம் என்கிற மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, அது கழிகிறவரை வெட்டவேண்டும். சொந்த மாடு வைத்திருக்கிறவன் வெட்டின கரும்பைத் தானே ஆலைக்கு ஓட்டுவான். வண்டிக்கு மரச்சக்கரம் போய் லாரி டயர் வந்துவிட்டது. ஒரு நடைக்கு இரண்டு டன்னுக்குக் குறையாமல் ஏற்றுகிறார்கள். பகலில் வெட்டு, ராத்திரியில் ஓட்டு. ஆலை வாசலில் வரிசையில் முந்தினால்தான் விடியுமுன் எடை போட்டுக் காட்டுக்குத் திரும்ப முடியும். ஆக, நாங்கள் ஓடுகிற அதே ராத்திரியில் அவர்களும் ஓடுவார்கள். நாங்கள் அறுபதில், அவர்கள் நாலில்.

1994 ஜனவரி. ஓசூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது இரட்டை வழிதான், நடுவில் தடுப்பு கிடையாது. சாத்தாரா தாண்டி புயிஞ்சை நெருங்கும்போது விடியக்காலை மூன்றரை இருக்கும். கிளீனர் பையன் தூக்கம். எதிரே ஒரு லாரிக்காரன் ஹெட்லைட்டைக் குறைக்காமல் வந்தான். நான் டிம் அடித்தேன், அவன் அடிக்கவில்லை. அவன் தாண்டிப் போனதும் கண்ணுக்குள் ஒரு கறுப்பு வட்டம் மிதந்தது. இரவில் ஓட்டினவர்களுக்குத் தெரியும், அந்த வட்டம் கரைய இரண்டு மூன்று வினாடி ஆகும். கரைந்ததும் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர்.

சுவர் இல்லை, வெட்டின கரும்பின் அடிக்கட்டைகள். வண்டியின் பின்பக்கம் முழுக்க வட்ட வட்டமாக, புதிதாக வெட்டினது, ஈரமாக மின்னிக்கொண்டு. அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு கட்டியிருந்தார்கள். தொங்குகிற கரும்புத்தோகை அதை மூடியிருந்தது.

வலது பக்கம் ஒடிக்க முடியாது, இன்னொரு வண்டி வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மாட்டுவண்டிக்காரர்கள் டயர் தாரில் உருளட்டும் என்று மண்ணை விட்டு உள்தள்ளியே ஓட்டுவார்கள். அது என் அதிர்ஷ்டம். இடது பக்க மண்ணில் இறக்கினேன். வண்டி சாய்ந்தது. தார்ப்பாய் கயிறு மாட்டுகிற கொக்கி கரும்பில் சிக்கி, பாதிக் கட்டை இழுத்துக்கொண்டு போய், ஒரு வேப்பமரத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். பின்னால் ஒரு சத்தம். அப்புறம் சலங்கை மட்டும் தறிகெட்டு அடித்தது.

இறங்கி ஓடினேன். ஒரு காளை முன்னங்காலை மடித்து விழுந்திருந்தது. நுகத்துக் கயிறு கழுத்தை இறுக்கியிருந்தது. லோடுக்கு மேலே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயசுப் பையன் சரிந்த கரும்போடு சரிந்து ரோட்டில் கிடந்தான். வண்டிக்காரப் பெரியவர் முதலில் மாட்டிடம் போனார். கயிற்றைத் தளர்த்தி, அதன் தாடையைத் தூக்கிப் பிடித்து, அது மூச்சு விட்டதைப் பார்த்த பிறகுதான் பையன் பக்கம் திரும்பினார். அன்றைக்கு எனக்கு அது வயிற்றைப் பிசைந்தது. பிறகு யோசித்தால் சரியாகத்தான் செய்திருக்கிறார். பையன் அழுதுகொண்டிருந்தான், அழுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. மாடு சத்தமே போடவில்லை.

பையனுக்கு முழங்கை சிராய்ப்பு. மாட்டுக்குக் கழுத்தில் தோல் உரிந்திருந்தது. பெரியவர் என் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தமிழ் முகத்தைப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள், வயசு கணக்கில்லை. மராத்தியில் கேட்டார்: "அண்ணா, உங்க வண்டியில பிரேக் இருக்கா?"

"இருக்கு மாமா."

"எங்க வண்டியில இல்ல. அதான் மெதுவாப் போறோம்."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. நானும் கிளீனரும் அவரும் அந்தப் பையனும் சேர்ந்து கரும்பை ஏற்றிக் கட்டி முடிக்கும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. வரிசை போய்விட்டது, இனி மத்தியானம்தான் எடை என்றார். நூறு ரூபாய் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கித் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார். கிழிந்த தார்ப்பாய்க்கு முதலாளி என் பேட்டாவில் மூன்று நடைக்குப் பிடித்தார். இரண்டு பேருக்கும் அன்றைக்குக் கணக்கு நஷ்டம்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. ஆக 17 போச்சு. லோடு வண்டி காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், நிற்பதற்கு இன்னொரு 35. மொத்தம் 52. என் பழைய டாடாவின் டிம் வெளிச்சம் நாற்பது மீட்டருக்கு மேல் எதையும் காட்டாது. அப்படியென்றால் எதிரே வண்டி வருகிற ஒவ்வொரு தடவையும் நான் பன்னிரண்டு மீட்டர் கடனில் ஓடிக்கொண்டிருந்தேன். அதே கணக்கை 45-க்குப் போட்டால் 32-இல் நின்றுவிடும். கையில் எட்டு மீட்டர் மிச்சம். கம்பாட்கி அடிவாரத்துச் சுரூரிலிருந்து சாத்தாராவைத் தாண்டுகிறவரை சுமார் 40 கிலோமீட்டர் என்று வையுங்கள். அறுபதில் நாற்பது நிமிஷம், நாற்பத்தைந்தில் ஐம்பத்து மூன்று. வித்தியாசம் ஒரு டீ, ஒரு பீடி. அரவைக் காலத்தில் அந்த நாற்பது கிலோமீட்டரில் நான் 45-ஐத் தாண்டியதில்லை. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவான். வண்டியில் வேறு தமிழ்நாட்டு நம்பர், அதனால் திட்டும் இரண்டு மொழியில் வரும்.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. கேபினில் சிவப்பு ரேடியம் ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். புயிஞ்ச் பக்கம் டீக்கடையில் நின்றால், அங்கே அவிழ்த்துவிட்ட வண்டிகளின் பின்னால் ஒட்டிவிடுவேன். முதலில் மரப்பலகையில் ஒட்டினேன். அடுத்த நடைக்கு வந்து பார்த்தால் உரிந்து தொங்கியது. மரம் ஈரம் குடிக்கும், ஸ்டிக்கர் நிற்காது. கீழே சட்டத்து இரும்பில் ஒட்டினால் கரும்புத்தோகை மூடிவிடும். கடைசியில் கண்டுபிடித்த இடம் சக்கரத்தின் உட்பக்கம், அச்சை ஒட்டின இரும்புத் தகடு. அங்கே தோகை விழாது. ஒட்டுவதற்கு முன் டீசல் துணியால் துடைக்கக் கூடாது, எண்ணெய்ப் படலம் நின்றுவிடும். காய்ந்த சாக்கால் அழுத்தித் தேய்த்து, சொட்டுத் தின்னர் விட்டு, ஆறினதும் ஒட்டி, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். வண்டிக்காரர்கள் சில பேர் பழைய சி.டி.யைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அது ஸ்டிக்கரைவிடவே நன்றாக இருந்தது. ஆடுகிற வெளிச்சத்தைக் கண் முதலில் பிடிக்கும். பிறகு ஆலைக்காரர்களே சிவப்புத் துணியும் ரிஃப்ளெக்டரும் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் நான்கு வழி வந்தது. நடுவில் தடுப்பு, எதிர் வெளிச்சம் கண்ணில் அடிக்காது, இனிமேல் கவலை இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வந்தது புதுக் கவலை. ராத்திரி இரண்டு மணிக்கு நம் வழியிலேயே எதிரே சலங்கைச் சத்தம். என்ன திமிர் என்று முதல் தடவை கத்தினேன். ஷேந்த்ரேயில் ஒரு வண்டிக்காரன் சொன்னதும் வாய் அடைத்துப்போனது. அவன் காடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஆலைக்குப் போகிற வழி அந்தப் பக்கம். தடுப்பில் இடைவெளி இரண்டு கிலோமீட்டர் தள்ளி. முறைப்படி போனால் போக இரண்டு, வர இரண்டு. நமக்கு நாலு நிமிஷம். அவன் மாட்டுக்கு இரண்டு டன்னை இழுத்துக்கொண்டு ஒரு மணி நேரம். "நீ ஒரு மணி நேரம் உன் வண்டியைத் தள்ளிக்கிட்டு வருவியா அண்ணா?" என்றான். ரோட்டை வரைந்த இன்ஜினியர் காரில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை, மாட்டின் மேலே உட்கார்ந்து பார்த்தால்தானே அது தெரியும். சர்வீஸ் ரோடும் கீழ்ப்பாலங்களும் வரவர இது குறைந்தது. ஆனால் அடியோடு போகவில்லை.

இப்போது மாட்டுவண்டியும் குறைந்துவிட்டது. டிராக்டர் வந்துவிட்டது, பின்னால் இரண்டு டிராலி. அதை மாட்டைவிட மோசம் என்பேன். மாட்டுவண்டிக்காரனுக்குச் சத்தம் கேட்கும். ஹாரன் அடித்தால் ஓரம் வாங்குவான். டிராக்டர்காரன் ஸ்பீக்கர் கட்டி மராத்திப் பாட்டைக் காது கிழிய விட்டுக்கொண்டு போவான். இரண்டாவது டிராலி பாம்பு வால் மாதிரி ஆடும். அதைத் தாண்டும்போது அதன் வால் எந்தப் பக்கம் வரும் என்று அவனுக்கே தெரியாது.

அரவை தொடங்குகிற அதே பருவத்தில் உம்ப்ரஜ் பக்கம் இன்னொரு கூட்டம் ரோட்டைக் கடக்கும். தங்கர் இடையர்கள். மழை முடிந்ததும் மாண், பல்டண் பக்கத்து வறண்ட காட்டிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலை இறங்கிக் கொங்கணத்துக்குப் போவார்கள். அடுத்த மழைக்கு முன் திரும்பி வருவார்கள். வழியில் விவசாயி நிலத்தில் கிடை போட்டால் தானியம் கிடைக்கும். சிவகங்கை, ராமநாதபுரத்துக் கீதாரிகள் செய்கிற அதே வேலை. அப்பாவழிப் பாட்டி சொன்ன கிடை என்ற சொல்லுக்கு அர்த்தத்தை நான் மகாராஷ்டிராவில்தான் பார்த்தேன். முன்னூறு ஆடு கடக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஹாரன் அடித்தால் நடு ஆடு திரும்பும், அது திரும்பினால் பின்னால் வருகிறது எல்லாம் திரும்பும், கடக்க வேண்டியது இரண்டு மடங்காகும். ஆடு போன பிறகும் நகரக் கூடாது. கடைசியில் குதிரை வரும். குட்டையான மட்டக் குதிரை. அதன் மேல் சட்டி பானை, கம்பளி, நேற்றுப் பிறந்த ஆட்டுக்குட்டி இரண்டு தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மேலே கால் கட்டின கோழி. அந்தக் கோழி என் கேபின் உயரத்துக்குச் சரியாக வந்து, கண்ணாடி வழியாக என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. கிளீனர் சிரித்த சிரிப்பு கோலாப்பூர்வரை அடங்கவில்லை.

சாத்தாராவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முப்பது வருஷம் அந்த ஊரைச் சுற்றினேன்; உள்ளே போனது நாலைந்து தடவை. ஒன்று, கிளீனருக்குப் பல்வலி. மற்றதெல்லாம் வீட்டுக்குக் கந்திப் பேடா வாங்க. ஹைவே வெண்ணா ஆற்றைத் தாண்டி, ஊரை மேற்கே விட்டு வளைகிறது. ராத்திரியில் மேற்கே அஜிங்க்யதாரா கோட்டை மலை கறுப்பாகக் குந்தியிருக்கும், அதன் மடியில் ஊர் விளக்குகள். அழகுதான். ஆனால் அந்த வளைவில் ஊரைப் பார்க்கிறவன் டிரைவர் இல்லை. பைபாஸ் போட்ட புதிதில் அது ஊருக்கு வெளியே இருக்கும். பத்து வருஷத்தில் ஊர் எழுந்து வந்து அதைத் தாண்டி உட்கார்ந்துவிடும். அப்புறம் பால் கேனோடு பைக், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, கல்யாண ஊர்வலம் எல்லாம் பைபாஸில்தான். மேம்பாலம் கட்டுகிறார்கள். மேம்பாலம் இறங்குகிற இடத்தில் அடுத்த கடைத்தெரு முளைக்கிறது.

வீடு திரும்பும்போது கடைசி ஆபத்து புனேக்குள்தான் இருக்கிறது. புதுக் காத்ரஜ் சுரங்கத்திலிருந்து நவலே பாலம்வரை நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் நியூட்ரலில் விடுவார்கள். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவார்கள். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் கிடையாது. கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக் டிரம்மில் இறங்கும். அது சூடேறிச் சிவந்தால் மிதிப்பது மிதிப்பாகவே இருக்கும், பிடிக்காது. எஞ்சின் அணைந்தால் கம்ப்ரஸர் நிற்கும். மிதிக்க மிதிக்க டாங்கில் காற்றுக் குறையும், ஸ்டியரிங் கல்லாகும். கீழே பாலத்தில் ஆபீஸ் விட்டு வருகிற கார்கள் பத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். 2022 நவம்பர் 20 ராத்திரி ஒரு லாரி இப்படி இறங்கி நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைச் சிதறடித்தது. டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை; எழுந்துபோய் டீ போட்டாள். நான் வண்டியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தங்கை மகன் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் வேலை செய்கிறான். லங்காஸ்டர் என்று சின்ன ஊர். 30-ஆம் எண் ரோடு அந்த ஊரை வடக்கே சுற்றிக்கொண்டு, கிழக்கே போகப் போக ஆமிஷ் என்கிற கிறிஸ்தவ விவசாயிகளின் காட்டுக்கு நடுவே ஓடுகிறது. அவர்கள் காரும் டிராக்டரும் வேண்டாம் என்று வைத்தவர்கள். குதிரை வண்டியில் கடைக்குப் போகிறார்கள். ஒருநாள் காரில் இருந்தபடியே வீடியோவில் காட்டினான். சாம்பல் நிறக் கூண்டு வண்டி, ரோட்டு ஓரத்தில் அகலமாகத் தனி இடம், வண்டிக்குப் பின்னால் ஆரஞ்சு முக்கோணம்.

"மாமா, உங்க ஸ்டிக்கர் பாத்தீங்களா?"

"அந்த முக்கோணத்துக்குப் பேர் என்னடா?"

மெதுவாகப் போகிற வண்டிக்கு உரிய அடையாளமாம். 1960-களில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உண்டாக்கினது. ஆமிஷ்களில் ரொம்பக் கட்டுப்பாடான சில பிரிவினர், இந்தப் பளபளப்பு ஆடம்பரம், எங்களைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அதை ஒட்ட மறுத்துக் கோர்ட்டுவரை போனார்களாம். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. புயிஞ்சில் ஒரு கிழவர் என் ஸ்டிக்கரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குச் சாமி காரணமில்லை. மாடு மிரளும் என்றார். குதிரை வண்டி மணிக்குப் பன்னிரண்டு போகும் போலிருக்கிறது. வண்டிக்காரன் பின்னால் வருகிற கார்களைத் திரும்பியே பார்க்கவில்லை. என் தங்கை மகன் அதைத் தாண்டாமல் மூன்று நிமிஷம் பின்னாலேயே போனான். பிள்ளை தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

2025 அக்டோபர் முதல் தயாராகிற பெரிய லாரிகளுக்கெல்லாம் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்லது. மே மாதத்தில் எஞ்சின் சூட்டில் வலது கால் வெந்து ஓட்டினவன் நான், அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இப்போது ஓசூர் லைனில் ஓடுகிற என் பழைய கிளீனரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "கண்ணாடியை ஏத்திட்டா சலங்கை எப்படிடா கேக்கும்?" அவன் சிரித்தான். "அரவை சமயத்துல ரெண்டு விரக்கடை எறக்கி வைக்கறேண்ணே" என்றான்.

நான் இப்போது ரோட்டுக்கு வருவது அநேகமாக வருஷத்தில் ஒரு நாள். தேஹுவிலிருந்து துக்காராம் மகாராஜின் பால்கி, அதாவது பல்லக்கு, பண்டரிபுரத்துக்குப் புறப்பட்டு, பழைய மும்பை ரோட்டில் தாபோடி, போபோடி வழியாக எங்கள் ஊரைக் கடந்து புனேக்குள் போகும். அன்றைக்கு லாரி கிடையாது, பஸ் கிடையாது. பழைய நாலாம் நம்பர் ரோடு முழுக்கக் காலும் தாளமும். வெள்ளித் தேரை இரண்டு காளை இழுக்கும். கொம்பில் வர்ணம், முதுகில் பட்டு. எல்லோரும் அதில் இருக்கிற துக்காராமின் பாதுகையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். நானும் கும்பிடுவேன், ஆனால் கண் முதலில் நுகத்துக் கயிற்றுக்குப் போய்விடும், கழுத்தை இறுக்குகிறதா என்று.

போன வருஷம் தேர் தாண்டிப் போன பிறகு திண்டி என்கிற பஜனைக் கூட்டங்கள், அவற்றுக்குச் சாமான் ஏற்றின டெம்போக்கள், தண்ணீர் டாங்கர். டாங்கர் எங்கள் தெருமுனையில் நின்றது. பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒரு முனை உரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய், வேட்டி நுனியால் தகட்டைத் துடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் நீவினேன். டாங்கர் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். "காய் அண்ணா?" என்றான். ஒன்றும் இல்லை, போ என்று கையைக் காட்டினேன். முதல் கியரில், நடக்கிறவர்களுக்குப் பின்னால், முன் வரிசையின் செருப்பு தரையைத் தொடுகிற இடம் தெரிகிற அளவுக்கு இடம் விட்டு, போனான்.